காற்றை வென்ற கண்ணாடி – 5: லெக்சிங்டனில் கூடியவர்கள்

சென்ற இதழை ஹொரேஸ் பாப்காக்கின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோடு நிறுத்தியிருந்தோம். விண்மீனின் ஒளி நம் காற்றுமண்டலத்தைத் தாண்டி வருவதற்குள் கசங்கிவிடுகிறது. அந்தக் கசங்கலை அளந்து, தொலைநோக்கிக்குள் இருக்கும் சிறிய ஆடி ஒன்றை அதற்கு எதிர்த்திசையில் உடனுக்குடன் நெளித்தால் படம் தெளிந்துவிடும் என்று எழுதினார் பாப்காக். ஆடியின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, எலெக்ட்ரான் கற்றையால் அந்தப் படலத்தை மேடுபள்ளமாக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. எண்ணம் சரியானதுதான். செய்துகாட்டத்தான் அந்தக் காலத்தில் கருவி இல்லை.

கட்டுரை இருபது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1973-இல் அதற்கு உருவம் கொடுத்தவர்கள் மவுன்ட் வில்சன், பாலோமர் போன்ற வானாய்வகங்களில் இல்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை அடுத்த லெக்சிங்டன் ஊரில், ஐடெக் என்ற தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனம் எப்படிப் பிறந்தது, யார் யார் அதில் சேர்ந்தார்கள், பின்னால் எப்படிப் பிரிந்து போனார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம். முதல் பாதியில் ஆடியை நெளித்துப் படத்தைத் தெளியவைக்கும் தகவமை ஒளியியல் என்ற பேச்சே வராது. ஆனால் அந்த முதல் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் 1973-ஐப் புரிந்துகொள்ள வழியில்லை.

ரிச்சர்ட் லெகார்ன் எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்து 1939-இல் வெளியே வந்தவர். கோடக் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர் வந்ததும் விமானப்படைக்குப் போய், எதிரி நிலத்தின்மேல் பறந்து படமெடுக்கும் பிரிவில் பணியாற்றினார். நார்மாண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய மாதங்களில் பிரான்சின் கடற்கரையை வானிலிருந்து படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1946-இல் பிகினித் தீவில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபோது அதைப் படமெடுக்கும் பணியிலும் இருந்தார். அங்கே கண்ட காட்சி அவரை ஒரு முடிவுக்குத் தள்ளியது. அணுகுண்டுக் காலத்தில், போர் தொடங்கிய பிறகு வேவு பார்த்துப் பயனில்லை. அமைதிக் காலத்திலேயே எதிரி நாட்டின்மேல் பறந்து பார்த்தாக வேண்டும். இன்னொரு நாட்டின் வான்வெளியில் அத்துமீறிப் பறப்பது போர்ச் செயலாகவே கருதப்பட்ட நாளில் இது துணிச்சலான பேச்சு.

அந்தப் பேச்சை அவர் பேசிய இடத்தையும் நாம் கவனிக்க வேண்டும். 1946 டிசம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் புதிய ஒளியியல் ஆய்வகத்துத் திறப்பு நிகழ்ச்சி அது. போர்க்காலத்தில் ஹார்வர்டில் ஜேம்ஸ் பேக்கரின் தலைமையில் விமானக் கேமராக்களுக்கு லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த கூடம், போர் முடிந்ததும் ஹார்வர்டுக்கு வேண்டாததாகிவிட்டது. ஆட்களும் இயந்திரங்களும் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறின. டங்கன் மெக்டொனால்டு அதன் தலைவரானார். விமானப்படை செலவைக் கொடுத்தது.

அடுத்த பத்தாண்டுகளில் அந்த ஆய்வகம் செய்த வேலைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ‘பாஸ்டன் கேமரா’ என்று பேர்பெற்ற பூதம். அதன் குவியத் தொலைவு 240 அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மீட்டர். பி-36 குண்டுவீச்சு விமானத்தில் அதை ஏற்றிப் பார்த்தார்கள். 45,000 அடி உயரத்திலிருந்து தரையில் கிடக்கும் கோல்ஃப் பந்து தெரிந்தது என்பார்கள். இன்றும் அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. இரண்டாவது, வால்டர் லெவிசன் உருவாக்கிய அகலப்பரப்புக் கேமரா. பலூனில் தொங்கவிட்டு சோவியத் நாட்டின்மேல் மிதக்க விடுவதற்காகச் செய்தது. பூதத்தைவிடப் பல மடங்கு இலகு. தெளிவிலோ அதுவரை எதுவும் எட்டாத தரம். பின்னால் உளவுச் செயற்கைக்கோளுக்குள் போனது இந்த லெவிசன் கேமராவின் வாரிசுதான்.

1957-இல் விமானப்படை கையை விரித்தது. ஆய்வகத்துக்கு இனிப் பணம் இல்லை. பல்கலைக்கழகத்தால் அத்தனை பேரைச் சுமக்க முடியாது. ஒளியியல் வடிவமைப்பாளர்கள், கண்ணாடி தேய்ப்பவர்கள், கேமரா இயந்திரவியலாளர்கள் என்று பத்தாண்டுகளாகச் சேர்ந்து பழகிய ஒரு முழுக் குழு தெருவுக்கு வரும் நிலை.

இதே சமயத்தில் லெகார்ன் கோடக் வேலையை விட்டு ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். முதல் போட்டவர் லாரன்ஸ் ராக்ஃபெல்லர். எண்ணெய்ப் பணத்தைப் புதிய தொழில்நுட்பங்களில் போட்டுப் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தகவல் தொழில்நுட்பம் என்பதன் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி நிறுவனத்துக்கு ஐடெக் என்று பெயர் வைத்தார்கள். ஆவணங்களையும் படங்களையும் சேமித்து, தேடி எடுத்துத் தரும் முறைகளை விற்பது என்பது அறிவித்த நோக்கம். திட்டம் இருந்தது, பணம் இருந்தது. சொல்லிக்கொள்ளும்படி பொருளோ ஆளோ இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தை லெகார்ன் அப்படியே வாங்கிவிட்டார். மெக்டொனால்டு, லெவிசன், அப்போது ஆய்வகத்தை நடத்திவந்த டோ ஸ்மித் என்று எல்லோரும் விரைவிலேயே ஐடெக் ஊழியர்கள் ஆனார்கள்.

புதிய நிறுவனம் தொடங்குகிறவர்கள் இன்று முதலில் ஒரு பொருளை யோசித்துவிட்டு அதற்கு ஆள் தேடுகிறார்கள். லெகார்ன் தலைகீழாகச் செய்தார். கையில் கிடைத்த நல்ல குழுவை உடையாமல் காப்பாற்றினார். பொருள் பின்னால் வந்தது. நிறுவனராக அவர் எடுத்த முடிவுகளில் காலத்தைத் தாண்டி நின்றது இந்த ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

பொருள் வருவதற்கு அதிக நாள் ஆகவில்லை. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் பறந்தது. சில மாதங்களில் சி.ஐ.ஏ.யின் ரிச்சர்ட் பிசெல் ஓர் உளவுச் செயற்கைக்கோளுக்குக் கேமரா தேடினார். ஃபேர்சைல்டு என்ற பழம்பெரும் கேமரா நிறுவனம் ஒரு வடிவம் கொடுத்தது. ஐடெக்கும் லெவிசனின் வழியில் ஒன்று கொடுத்தது. 1958-இல் பிசெல் ஐடெக்கின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறந்து ஓராண்டு நிரம்பாத கம்பெனி! முதல் கேமராக்களைத் தயாரிக்கும் வேலை ஃபேர்சைல்டுக்கே போனது என்றாலும் வடிவம் ஐடெக்குடையது. கொரோனா என்பது திட்டத்தின் ரகசியப் பெயர். வெளியுலகுக்கு டிஸ்கவரர் என்ற அறிவியல் ஆய்வுத் திட்டம்.

வரிசையாகத் தோல்விகள். ராக்கெட் கோளாறு, திசை தவறல், ஃபிலிம் கிழிதல், கலம் கடலில் தொலைதல். 1960 ஆகஸ்டில்தான் ஃபிலிம் சுருள் வைத்த கலம் விண்ணிலிருந்து பாராசூட்டில் இறங்க, பசிபிக்கின்மேல் பறந்த விமானம் கொக்கிபோட்டு அதைப் பிடித்தது. அந்த ஒரே பயணத்தில் கிடைத்த சோவியத் நிலப்பரப்பின் படங்கள், அதுவரை யு-2 உளவு விமானங்கள் எடுத்த அத்தனையையும் விட அதிகம். 1972 வரை நடந்த கொரோனா திட்டம் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டுவந்தது. 1995-இல் அதிபர் கிளின்டன் ரகசியத்தை விலக்கும் வரை ஐடெக் பங்குகளை வாங்கியவர்களுக்கே தங்கள் நிறுவனம் எதில் சம்பாதித்தது என்று முழுதாகத் தெரியாது.

லெகார்னின் கதையை இங்கே முடித்துவிடலாம். அவர் கண்டபடி நிறுவனங்களை வாங்கினார், லாபம் குறைந்தது, 1962-இல் இயக்குநர்கள் அவரை வெளியேற்றினார்கள். போர்க்கால உளவுத் துறையில் பணியாற்றிய ஃபிராங்க்ளின் லிண்ட்சே தலைவர் நாற்காலிக்கு வந்தார். 1965-இல் அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள் கேமரா விஷயத்தில் சி.ஐ.ஏ.யோடு முரண்பட்டு, அந்த வேலையே வேண்டாம் என்று ஐடெக் எழுந்து வந்துவிட்டது. பெர்கின்-எல்மர் நிறுவனம் அதைத் தட்டிச் சென்றது. மிகப் பெரிய வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய கம்பெனி பிழைக்க வேறு வேலை தேடியே தீர வேண்டும். அப்போலோ 15, 16, 17 பயணங்களில் நிலவைச் சுற்றிவந்து படமெடுத்த அகலப்பரப்புக் கேமரா ஐடெக் செய்தது. 1976-இல் வைக்கிங் கலம் செவ்வாயில் இறங்கி அனுப்பிய முதல் படமும் ஐடெக் கேமராவின் வழியாக வந்ததுதான்.

அப்படித் தேடிவந்த வேலைகளில் ஒன்றுதான் நம்முடையது.

1960களின் நடுவில் அமெரிக்க ராணுவத்துக்குப் புதிய தலைவலி. சோவியத் செயற்கைக்கோள்கள் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தன. அவை எப்படி இருக்கின்றன, என்ன சுமக்கின்றன என்று தரையிலிருந்து பார்க்க வேண்டும். பெரிய தொலைநோக்கி வைத்தாலும் காற்று விடவில்லை. ஏன் விடவில்லை என்பதை எண்ணில் சொன்னவர் டேவிட் ஃபிரைடு. விண்மீனின் மினுங்கலைப் புள்ளியியலாகப் பார்க்கும் வேலையை நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் 1952-இல் ஒரு கட்டுரையில் தொட்டிருந்தார். ஃபிரைடு அதைப் பொறியாளர்களுக்கு உதவும் ஓர் அளவாகச் சுருக்கினார். காற்றில் ஒளியலை கசங்காமல் இருக்கும் துண்டின் அகலம் அது. நல்ல மலை உச்சியிலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில், அந்த அகலம் 10 முதல் 20 சென்டிமீட்டர்தான். அதாவது 5 மீட்டர் ஆடி வைத்தாலும் அரையடி ஆடி காட்டும் நுணுக்கத்துக்குமேல் போகாது. ஒளி அதிகம் சேரும், விவரம் சேராது. அந்தக் கசங்கலும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் மாறிவிடும்.

எடுத்த படத்தைக் கணிதத்தால் பிறகு சரிசெய்யலாமா என்று ஒரு சாரார் முயன்றார்கள். 1966-இல் வுட்ஸ் ஹோலில் இதற்காகவே ஒரு கோடைக்கால ஆய்வுக்கூட்டம் நடந்தது. படம் பதிவாவதற்கு முன்பே ஒளியைத் திருத்த வேண்டும் என்ற பாப்காக்கின் கட்சி மெல்ல வலுத்தது. பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பிரிவான ஆர்ப்பா பணம் ஒதுக்கியது. நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரிலிருந்த விமானப்படை ஆய்வு மையம் மேற்பார்வை பார்த்தது. ஒப்பந்தம் ஐடெக்குக்கு.

திட்டத்தை நடத்தியவர் ஜான் ஹார்டி. இந்தத் துறையில் யாராவது ஒருவரைத் தந்தை என்று சொல்ல வேண்டுமானால் பாப்காக்கைத்தான் சொல்வார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழந்தையை நடக்கவைத்தவர் ஹார்டி. எண்ணத்தைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி ஒரு கருவியாக இணைக்கும் திறமை அவருக்கு இருந்தது. வேலை மூன்று. கசங்கலை அளப்பது, கணக்கிடுவது, ஆடியை நெளிப்பது.

அளக்கும் வேலைக்கு ஜேம்ஸ் வயன்ட் கிடைத்தார். ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று 1968-இல் ஐடெக்கில் சேர்ந்த இளைஞர். ஒளியலையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி மற்றதன்மேல் விழவைத்தால், அலைமுகப்பின் சரிவுகள் பட்டைகளாகத் தெரியும். இந்தக் குறுக்கீட்டு முறை பழையதுதான். வயன்ட் அதில் சுழலும் கீற்றணி ஒன்றைப் புகுத்தினார். கீற்றணி சுழல்வதால் ஒவ்வோர் உணரியிலும் ஒளி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் முந்தி வருகிறதா, பிந்தி வருகிறதா என்று பார்த்தால் போதும். அங்கே அலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். விண்மீன் மங்கிப் பிரகாசித்தாலும் அளவு கெடாது. லேசர் ஒளி வேண்டும் என்பதில்லை. சாதாரண வெள்ளை ஒளியே போதும்.

கணக்குப் பகுதியில்தான் அந்தக் காலத்து மூளையின் அழகு தெரிகிறது. சரிவுகளைச் சேர்த்து முழுப் பரப்பின் வடிவத்தைக் கண்டுபிடிக்க ஒரே சமயத்தில் பல சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும், அதுவும் வினாடிக்கு ஆயிரம் முறை. 1973-இன் கணினிகளால் ஆகாது. ஹார்டியின் குழு கணினியையே தவிர்த்துவிட்டது. மின்தடைகளை வலைபோலப் பின்னி, அளந்த சரிவுகளை மின்னோட்டமாக அதற்குள் செலுத்தினார்கள். வலையின் முடிச்சுகளில் மின்னழுத்தம் தானாக ஒரு நிலைக்கு வந்து நிற்கும். அந்த அழுத்தங்கள்தான் விடை. சமன்பாட்டை யாரும் தீர்க்கவில்லை, மின்சாரமே தீர்த்துக்கொண்டது. இன்று கணினிச் சில்லுகளை வரிசையாக அடுக்கிச் செய்யும் வேலையை ஒரு பலகை நிறைய மின்தடைகள் செய்து முடித்தன என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஆடி ஜூலியஸ் ஃபைன்லீபின் பொறுப்பு. இவரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திடப்பொருள் இயற்பியலாளர். ஐடெக்குக்கு வருமுன் ஸ்டான்ஃபோர்டு ஓவ்ஷின்ஸ்கியின் நிறுவனத்தில் இருந்தார். லேசர் பட்டால் சில பொருள்கள் ஒழுங்கற்ற நிலையிலிருந்து படிக நிலைக்கு மாறித் திரும்பும் என்று 1971-இல் ஓவ்ஷின்ஸ்கியோடும் மற்றவர்களோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பிற்காலத்தில் நாம் அழித்து அழித்து எழுதிய குறுந்தகடுகளுக்கு அடிப்படை அதுதான். அப்படிப்பட்டவர் ஆடி செய்ய உட்கார்ந்தபோது எண்ணெய்ப் படலத்தை நினைக்கவில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ பீங்கானை நினைத்தார். ஒரே பீங்கான் கட்டியை எடுத்து, அதில் 21 இடங்களில் மின்முனைகள் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை ஒட்டினார்கள். எந்த முனைக்கு மின்னழுத்தம் கொடுக்கிறோமோ அந்த இடத்தில் பீங்கான் நீண்டு கண்ணாடியைத் தூக்கும். விரித்த பாயின் அடியில் விரலை வைத்து ஆங்காங்கே தூக்குவது மாதிரி. தூக்கும் உயரம் ஒளியின் அலைநீள அளவுதான். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர் என்றால், இது ஒரு மைக்ரானை ஒட்டிய சங்கதி. ஆனால் அதற்குத்தான் மிக உயர்ந்த மின்னழுத்தம் வேண்டியிருந்தது. ஃபைன்லீபும் ஐடெக் சகாக்களும் 1974-இல் இதை வெளிப்படையாகவே பிரசுரித்தார்கள்.

மூன்றையும் சேர்த்த கருவிக்கு ‘நிகழ்நேர வளிமண்டலத் திருத்தி’ என்று பெயர். 1973-இல் ஆய்வகத்தில் முதலில் இயங்கியது. பிறகு வெளியே, தரையோடு தரையாக 300 மீட்டர் தூரம் வெப்பக் காற்றினூடே ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். திருத்தியை நிறுத்தினால் ஒளிப்புள்ளி சிதறிய கூழ். இயக்கினால் இயற்பியல் விதி அனுமதிக்கும் எல்லை வரை கூர்மை. ஹார்டி, ஐடெக் சகாக்கள் லெஃபெவ்ர், கோலியோபுலஸ் மூவரும் 1977-இல் இதன் முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டார்கள். அதே 1977-இல் பெர்க்லியில் ரிச்சர்ட் முல்லரும் பஃபிங்டனும் தோழர்களும் ஆறு சிறிய ஆடிகளை ஒரே வரிசையில் நகர்த்தி, ஒரு திசையில் மட்டும் விண்மீனைக் கூர்மையாக்கிக் காட்டினார்கள். கெட்டிக்கார வேலை. ஆனால் தொலைநோக்கியில் மாட்டி நாள்தோறும் பயன்படுத்தும் கருவி என்ற திசையில் ஐடெக் வெகுதூரம் முன்னே இருந்தது.

அடுத்த கருவிக்கு 21 போதவில்லை; 168 முனைகள். ஹவாயின் மாவி தீவில், ஹலேயகலா எரிமலை உச்சியில், 3,000 மீட்டருக்குமேல் இருந்த ராணுவ வானாய்வகத்தின் 1.6 மீட்டர் தொலைநோக்கியில் 1982-இல் அதைப் பொருத்தினார்கள். பெரிய தொலைநோக்கியில் முறையாகப் பணிசெய்த முதல் தகவமை ஒளியியல் கருவி இதுவே. சூரிய ஒளி பட்டு மின்னும் செயற்கைக்கோள்களை விடியலிலும் அந்தியிலும் அது படமெடுத்தது. ஒரு குறை உண்டு. கசங்கலை அளக்கவே நிறைய ஒளி வேண்டும். பிரகாசமான பொருள் என்றால் சரி. மங்கலானது என்றால் கருவி குருடு. இந்தக் குறைக்கு ஃபைன்லீப் ஒரு மருந்து யோசித்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

குழு 1982 வரை சேர்ந்தே இருக்கவில்லை என்பதுதான் கதையின் அடுத்த திருப்பம்.

முதலில் போனவர் வயன்ட். 1974-இல் அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். கோலியோபுலஸும் பின்னால் அங்கே போய்ச் சேர்ந்தார். ஐடெக்கில் அலைமுகப்பை அளக்கப் பழகிய கைகள் இப்போது தொழிற்சாலைக்கு வேண்டிய பரப்புகளை அளக்கும் கருவி செய்தன. 1982-இல் இருவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து வைகோ என்ற நிறுவனம் டூசான் நகரில் பிறந்தது. கணினி வன்தட்டு செய்பவர்கள் தகட்டின் வழவழப்பைச் சரிபார்க்க அந்தக் கருவிகளை வாங்கிக் குவித்தார்கள். 1997-இல் வீக்கோ என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. வயன்ட் 2002-இல் 4டி டெக்னாலஜி என்ற இன்னொன்றையும் தொடங்கினார். இன்று அரிசோனாவின் ஒளியியல் கல்லூரி அவர் பெயரால் விளங்குகிறது.

ஃபைன்லீப் 1978-இல் வெளியேறி, மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் அசோசியேட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். துறையின் பெயரையே பலகையில் எழுதிக் கடை திறந்த நிறுவனம். ஐடெக்கின் குறுக்கீட்டு முறையை அது பின்பற்றவில்லை. அரிசோனாவில் ரோலண்டு ஷாக் வடிவமைத்த முறையைக் கையில் எடுத்தது: சின்னஞ்சிறு லென்ஸ்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் விழும் புள்ளி எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது. சொல்லும்போது எளிது, அத்தகைய லென்ஸ் அடுக்கைத் துல்லியமாகச் செய்து தருவோர்தான் அப்போது அரிது. இந்த நிறுவனம் செய்து விற்றது. இன்று உலகின் பெரும்பாலான தகவமைக் கருவிகள் ஷாக்கின் முறையில்தான் அளக்கின்றன. ஐடெக்கின் அழகான சுழலும் கீற்றணி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

ஃபைன்லீபின் மருந்து என்று சொன்னேனே, அது இதுதான்: அருகில் பிரகாசமான விண்மீன் இல்லையென்றால், லேசரை வானத்தில் செலுத்தி, காற்று சிதறடித்து அனுப்பும் ஒளியை விண்மீனாக வைத்துக்கொள்வது. பாதுகாப்புத் துறைக்கு அறிவுரை சொல்லும் ஜேசன் என்ற விஞ்ஞானிகள் குழு 1982 கோடையில் இந்த யோசனையை அலசியது. அங்கிருந்த வில்லியம் ஹாப்பர், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் இயற்கையாகவே இருக்கும் சோடியம் படலத்தை லேசரால் ஒளிரவைக்கலாம் என்று இன்னும் மேலான வழி சொன்னார். உடனே ரகசிய முத்திரை விழுந்தது. 1985-இல் பிரான்சின் ரெனோ ஃபுவாவும் அந்துவான் லபேரியும் இதே எண்ணத்தைத் தாங்களாக யோசித்து வெளியிட்டார்கள். வேறொரு நாட்டில் வேறொருவர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஐரோப்பியர்கள் 1989-இல் ‘கம்-ஆன்’ என்ற 19 முனைக் கருவியை பிரான்சின் ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் பொருத்தி, வானியலுக்கென்றே செய்த முதல் முழுக் கருவி என்ற பெருமையைப் பெற்றார்கள். மாவியில் அதற்கு ஏழாண்டு முன்பே 168 முனைகள் இயங்கிக்கொண்டிருந்தன. 1991-இல் அமெரிக்க ராணுவம் லேசர் ரகசியத்தை விடுவித்தது. பாதுகாப்புக் காரணம் என்று ஆயிரம் சொல்லலாம். வானியலாளர்களுக்குப் பத்தாண்டு வீணானது உண்மை.

மூன்றாவது கிளை மார்க் ஈலி. ஐடெக்கை 1983-இலேயே லிட்டன் நிறுவனம் வாங்கிவிட்டது. கெக் தொலைநோக்கியின் அறுகோண ஆடித் துண்டுகளைத் தேய்த்துக் கொடுத்தது அந்தக் காலத்து வேலை. உள்ளே நெளியும் ஆடிகளை வளர்த்துவந்த ஈலி, 1993-இல் வெளியேறி க்சைனெட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஆடிகளில் பீசோ கட்டிக்குப் பதில் ஈயமும் மக்னீசியமும் நயோபியமும் சேர்ந்த வேறு பீங்கான். குறைந்த மின்னழுத்தத்தில் நீளும். விட்டதும் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பும். பனிப்போர் முடிந்து ராணுவ ஒப்பந்தங்கள் வற்றிய நேரம் அது. ரகசியம் விலகியதால் வானியலாளர்கள் வாங்க வந்தார்கள். 1999-இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் தகவமை ஒளியியல் இயங்கத் தொடங்கியபோது அதில் இருந்தது 349 முனைகள் கொண்ட க்சைனெட்டிக்ஸ் ஆடி. அதற்கு முன்பே, 1997-இல், ராசெஸ்டரில் டேவிட் வில்லியம்ஸ் குழு 37 முனை க்சைனெட்டிக்ஸ் ஆடி ஒன்றை வைத்து உயிருள்ள மனிதக் கண்ணின் விழித்திரையில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டது. சோவியத் செயற்கைக்கோளைப் பார்க்கச் செய்த வித்தை, கண் மருத்துவரின் மேசைக்கு வந்தது இப்படித்தான்.

ஐடெக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கொரோனாவோடு நிறுத்திவிடுகிறார்கள். ராக்ஃபெல்லர், சி.ஐ.ஏ., பங்குச்சந்தை என்று அதில் சுவை அதிகம். என்னைக் கேட்டால் அதன் பெரிய சாதனை ஹார்டியின் 21 முனைகள்தான். கொரோனா கேமராவுக்கு வேலை 1972-இல் முடிந்துவிட்டது. நெளியும் ஆடிக்கு இன்னும் முடியவில்லை. ஹார்டி தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக எழுதிய நூல் இன்றும் இந்தத் துறைக்கு வருகிற மாணவர்களின் கையில் இருக்கிறது.

ஃபைன்லீபின் நிறுவனம் பலமுறை கைமாறியது. யுனைடெட் டெக்னாலஜீஸிடம் இருந்தது. 2001-இல் பார்கோடு கருவி விற்கும் மெட்ராலஜிக் வாங்கியது. 2006-இல் எசெக்ஸ் வாங்கியது. 2007-இல் நார்த்ராப் கிரம்மன் எசெக்ஸையே வாங்கியது. அதே ஆண்டில் க்சைனெட்டிக்ஸையும் வாங்கியது. பிறகு இரண்டையும் ஒரே பிரிவாக இணைத்தது. ஐடெக்கை விட்டுப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் தனித்தனியாக வெளியேறிய இரண்டு கிளைகளும் இப்போது ஒரே முதலாளியிடம் இருக்கின்றன.

அடுத்த இதழில் நியூ மெக்சிகோ பாலைவனத்துக்குப் போவோம். ராபர்ட் ஃபியூகேட் என்பவர் அங்கே லேசரால் செயற்கை விண்மீனை உண்டாக்கிக் காட்டியதையும், 1991-இல் சியாட்டிலில் வானியலாளர்கள் முன்னால் அதைப் போட்டு உடைத்ததையும் பார்ப்போம்.

(தொடரும்)